யூ தோட்டமும் அதைக் காத்த கடைத்தெருவும்

நவம்பர் 16, 2024, சனி

ஷாங்ஹாய் மெட்ரோவின் 10ஆம் தடத்தில் வந்து யூயுவான் நிலையத்தில் இறங்கினேன். கடற்கொள்ளையருக்கு அஞ்சி 1553இல் பழைய நகரைச் சுற்றி எழுப்பிய மதில் 1912இலிருந்து இடிக்கப்பட்டுவிட்டது. அது நின்ற வட்டத்திலேயே இன்று ரென்மின் சாலையும் சோங்ஹுவா சாலையும் ஓடுகின்றன. அந்த வட்டத்தின் வடகிழக்கில்தான் யூ தோட்டம் இருக்கிறது.

மிங் அரசின் அதிகாரியாக இருந்த பான் யுன்துவான், முதிய தந்தை பான் அன் மனமகிழ்ந்து வாழ்வதற்காக 1559இல் இதைத் தொடங்கினார். ‘யூ’ என்றால் மகிழ்ச்சி, நிம்மதி. பதவி குறுக்கிட்டதால் வேலை நின்று, 1577க்குப் பிறகே வேகம் பெற்றது. தோட்டம் முழுமை அடையும் முன்பே, 1582இல், தந்தை காலமாகிவிட்டார். ஜாங் நான்யாங் என்னும் கலைஞர் வூகாங்கின் மஞ்சள் கற்களை அடுக்கி அமைத்த செயற்கைக் குன்றின் முன் நின்றபோது, இதன் மேலேறி ஹுவாங்பு ஆற்றைப் பார்த்திருக்க வேண்டியவர் அந்தத் தந்தைதானே என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று வெளியே வரும்போது கடைத்தெருவின் நெரிசல் எனக்கு உறுத்தலாக இருந்தது. இவ்வளவு அமைதியான இடத்தை வியாபாரம் சூழ்ந்துகொண்டதே என்று வருந்தினேன். இன்று சான்சுய் மண்டபத்தில் அந்த வருத்தம் தவறானது என்று புரிந்தது.

மண்டபத்தின் பெயருக்கு மூன்று கதிர்கள் என்று பொருள். கதவுகளில் நெற்கதிரும் பிற விளைபொருள்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. பான் குடும்பம் நொடித்துத் தோட்டம் பாழடைந்தபின், 1760இல் அதை வாங்கிப் பல ஆண்டுகள் செலவழித்துச் சீர்திருத்தியவர்கள் இவ்வூர் வணிகர்கள்தாம். அரிசி, பயறு வணிகர்கள் இந்த மண்டபத்தில் கூடித் தங்கள் தானிய அளவைகளைச் சரிபார்த்தார்கள். நம் ஊர் மரக்காலுக்கு முத்திரையிடுவது போன்ற வேலை அது. ஒரு செல்வரின் மண்டபம் இருந்த இடம், அளவு பிசகாதிருக்க ஊரார் ஒன்றுகூடும் இடமாக மாறியதை நான் சீரழிவாகக் கருத மாட்டேன். சர்க்கரை வணிகர் சங்கம் தியான்சுன் மண்டபத்தில் இருந்தது. சிங் அரசை எதிர்த்த இரகசிய அமைப்பான சிறுவாள் சங்கத்தார் 1853இல் எழுச்சி செய்து நகரைக் கைப்பற்றியபோது, அந்த மண்டபமே அவர்களுடைய தலைமையகங்களுள் ஒன்றாயிற்று.

நவம்பர் 23, சனி

இன்று யூஹுவா மண்டபத்தின் எதிரே உள்ள ‘யூ லிங்லொங்’ பாறைக்காகவே வந்தேன். இந்த ‘யூ’ வேறு சொல்; பச்சை மணிக்கல்லான ஜேடைக் குறிப்பது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம். உடல் முழுவதும் துளைகள். அடியில் ஊதுவத்தி ஏற்றினால் எல்லாத் துளைகளிலும் புகை எழும், உச்சியில் நீர் வார்த்தால் எல்லாவற்றிலும் வழியும் என்று சொல்வார்கள். மெலிவு, சுருக்கம், கசிவு, ஊடுருவல் ஆகிய நான்கும் நல்ல பாறைக்கு இலக்கணம். ஒரு கல்லின் வெற்றிடத்தை இவ்வளவு கூர்ந்து மதித்த மரபை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நவம்பர் 30, சனி

வான்ஹுவா மண்டபத்தின் எதிரே நிற்கும் கிங்கோ மரம் நன்றாக மஞ்சளித்துவிட்டது. அதற்கு வயது நானூறுக்கு மேல் என்கிறார்கள்.

இன்று வெகுநேரம் தோட்டத்தின் மதிலுக்கு வெளியேதான் இருந்தேன். ஒன்பது வளைவுப் பாலமும் குளமும் நடுவிலுள்ள ஹூசின்திங் தேநீரகமும் முற்காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே இருந்தவை. துணி வணிகர்கள் 1784இல் கட்டிய இந்த மண்டபம் 1855இல் தேநீரகமாயிற்று. சுற்றிலும் வளைந்த கூரைகளோடு நிற்கும் பெரிய கடைகளில் பல 1990களில் பழைய பாணியில் எழுந்தவை. அவற்றைப் பழமை என்று எண்ணி ஏமாற வேண்டியதில்லை. ஆனால் அருகிலுள்ள நகரக் காவல் தெய்வத்தின் கோயிலுக்கு வருவோரை நம்பிக் கடைகள் பெருகிய வரலாறு உண்மையானது.

1956இல் தொடங்கிய சீரமைப்புக்குப் பின் 1961இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று என் முன்னால் ஒரு முதியவரை அவருடைய மகன் கைப்பிடித்துப் பாலத்தின் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, மீன்களைக் காட்டி அழைத்துச் சென்றார். அவர்கள் கடக்கும்வரை நான் பின்னாலேயே மெதுவாக நடந்தேன். பிறகு பேரிக்காய்ப் பாகு மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மெட்ரோ நிலையத்துக்குத் திரும்பினேன்.