பின்பாதி

அந்த ஒரு மதிப்பெண்ணைப் போட்டிருக்கலாம். போடாததற்கு என்னிடம் காரணம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெண் விடைத்தாளோடு வந்து மேசையருகே நின்றது மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

'எரிநட்சத்திரம் ஒரு வகை நட்சத்திரம். சரியா, தவறா?' இதுதான் கேள்வி. 'சரி' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருந்தேன்.

"மிஸ், நீங்கதானே சொன்னீங்க?" என்று நோட்டைத் திறந்து காட்டினாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, அதற்குள் என் வாக்கியம்: 'சொல்லின் பின்பாதியைப் பார், அது என்ன வகை என்று தெரிந்துவிடும்.'

சொன்னேன்தான். வானியல் பாடம் தொடங்கிய அன்று, பலகை நிறைய இருந்த புதுச் சொற்களைப் பார்த்துப் பிள்ளைகள் மலைத்துப்போனார்கள். மண்பானை ஒரு பானை, மரப்பெட்டி ஒரு பெட்டி. அதேபோல ஈர்ப்பு விசை ஒரு விசை, சுற்றுப்பாதை ஒரு பாதை, விண்மீன் திரள் ஒரு திரள். சொல்லச் சொல்ல முகங்கள் தெளிந்தன. அந்த நேரத்துக்கு அது நல்ல வழிதான்.

"அது விதிவிலக்கும்மா" என்றேன்.

"வேற எதெல்லாம் விதிவிலக்கு மிஸ்?"

மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. "புத்தகத்துல இருக்கறபடி படி. பேரை வெச்சு யோசிக்காத."

அந்தக் கடைசிச் சொல்லில்தான் வந்து வந்து நிற்கிறேன். யோசிக்கச் சொன்னதும் நான், யோசித்ததற்குப் பெருக்கல் குறி போட்டதும் நான்.

அன்று மாலை உட்கார்ந்து எண்ணினேன். துணைக்கோள் கோள் இல்லை, கோளைச் சுற்றுவது. செயற்கைக்கோள் நாம் செய்து அனுப்பிய கருவி. வால்மீன், பனியும் தூசும் சேர்ந்த கட்டி. ஒளியாண்டு ஆண்டே இல்லை, தூரம்: ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். குறுங்கோள் இவை எல்லாவற்றையும் விட மோசம். 2006-ல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவை அந்த வகையில் சேர்த்தபோது, குறுங்கோள் என்பது கோள் அல்ல என்றே முடிவு செய்தது. தன் பாதையை ஒட்டிய பகுதியில் மற்ற பொருள்களை அது அப்புறப்படுத்தியிருக்கவில்லை என்பது காரணம். சரி, 'குறு' என்றாலே வெளியே தள்ளிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. நம் சூரியனையே குறுமீன் வகையில்தான் வைத்திருக்கிறார்கள். அது விண்மீன் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

எரிநட்சத்திரம் பெரும்பாலும் மணல் பருமனுள்ள ஒரு துகள். சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்றுக்குள் பாய்ந்து எரிந்துபோகிறது. கீழே நின்று பார்ப்பவருக்கு ஒரு நட்சத்திரம் கழன்று விழுகிறது. பெயர் வைத்தது அந்தக் கண். 1802-ல் வில்லியம் ஹெர்ஷல் சிறுகோள்களுக்கு 'ஆஸ்டராய்டு' என்று பெயர் வைத்தார். விண்மீன் போன்றது என்று பொருள். அவர் தொலைநோக்கியில் அவை விண்மீன்களைப் போலப் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. அவருக்கு யார் பெருக்கல் குறி போட்டார்கள்?

இதை அவளிடம் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் அன்று எனக்கே இது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து எண்ணிய பிறகுதான் தோன்றியது. மறுநாள் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லியிருக்கலாம். விடைத்தாள் திருத்தியாகிவிட்டது, அடுத்த பாடம் காத்திருந்தது. தவிர, மதிப்பெண் விஷயத்தில் இப்போதும் நான் இறங்கி வரமாட்டேன். என் வாக்கியம் தப்பு என்பதற்காக ஒரு மணல் துகள் நட்சத்திரமாகிவிடாது.

அடுத்த தேர்வில் அவள் எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தாள், புத்தகத்தில் இருக்கிற வரி அப்படியே. நோட்டைத் திருத்தும்போது அந்தக் கட்டத்தைத் தேடினேன். அதன் மேல் குறுக்காக ஒரு கோடு. அதையும் ஸ்கேல் வைத்தே போட்டிருந்தாள்.

இந்த ஆண்டும் அந்தப் பாடம் வந்தது. அதே முகங்கள், அதே மலைப்பு. அதே வாக்கியத்தைத்தான் எழுதினேன், முன்னால் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல் சேர்த்து. அன்று எண்ணிய கணக்கை வைத்துப் பார்த்தால், அந்தச் சொல்லே கொஞ்சம் அதிகம்தான்.