காக்காவின் பாட்டும் கம்பெனியின் ஒப்பந்தமும்

ராமநாதபுரத்தில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துகிறேன். ஏர்வாடி சந்தனக்கூடு நெருங்கினால் தர்கா பாடல்கள், ஆடி மாதத்தில் முளைப்பாரிப் பாட்டு, மாதா கோயில் திருவிழாப் பாட்டு, தேர்தல் வந்தால் ஆட்டோவில் ஒலிக்கும் பிரசாரக் குரல் என்று வருடம் ஓடிவிடும். ராப் பதிய வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். நாற்பதைத் தாண்டிய ஒரு ராப்பர், பெரிய மியூசிக் கம்பெனி ஒன்றின் ஒப்பந்தத் தாளோடு வந்து உட்கார்ந்தது எனக்கு இந்த வேலையில் புது அனுபவம். சென்னையில் ரெக்கார்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லியும், ஊரில்தான் பாடுவேன் என்று அவர் பிடிவாதமாக வந்திருந்தார்.

கீழக்கரைக்காரர். ஊரில் சின்னவர்கள் எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். வாலிப வயதில் கோலாலம்பூரில் உறவினர் கடையில் வேலை பார்த்தார். 2006-இல் யோகி பி - நட்சத்ரா ஆல்பம் வந்து தமிழ் ராப் மலேசியாவிலிருந்து இங்கே பரவிய காலம் அது. அந்த அலையில் இவரும் மேடை ஏறினார். அவருடைய ஒரு பாட்டு புளூடூத் வழியாக தொண்டி முதல் சாயல்குடி வரை கைமாறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் கல்யாணம், குடும்பம், கடை. பாட்டு நின்றுவிட்டது. யாரோ ஒருவர் அந்தப் பழைய பாட்டின் ஒரு துண்டை ரீல்ஸில் போட, அது ஓட, கம்பெனியிலிருந்து போன் வந்திருக்கிறது.

கம்பெனி கேட்டதை நியாயமாகவே சொல்ல வேண்டும். அவர்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பாட்டிஃபை போன்ற தளத்தில் 30 வினாடி கேட்டால்தான் அது ஒரு ஸ்ட்ரீம். அதனால் ஹூக், அதாவது மனசில் ஒட்டிக்கொள்ளும் வரி, எடுத்த எடுப்பிலேயே வர வேண்டும், பாட்டு இரண்டரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பீட் நிமிடத்துக்கு 140 அடி வேகத்தில் இருக்க வேண்டும். பழைய பாட்டையே புதிதாக்க வேண்டும், பாதியை ஒரு இளம் பாடகருக்குக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் பேசித் தீர்க்கலாம். ஆனால் மூச்சுச் சத்தத்தை எல்லாம் வெட்டி எடுத்துவிடச் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. மேடையில் கற்ற ராப்பர் மூச்சை வைத்துத்தான் வரியைக் கட்டுகிறார். எங்கே இழுத்து எங்கே விடுகிறார் என்பதும் தாளத்தில் சேர்ந்தது. இன்றைய பையன்கள் வரி வரியாகப் பஞ்ச்-இன் செய்து, அதாவது துண்டு துண்டாகப் பாடி ஒட்டிப் பதிவார்கள், அது அவர்கள் கற்ற முறை, அதில் தப்பில்லை. காக்கா பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று, முழுவதையும் ஒரே டேக்கில் சொல்வார். எங்காவது தடுக்கினால் முதலிலிருந்து தொடங்குவார்.

"தம்பி, என்னைய மறுபடி இருபத்தஞ்சு வயசுக்குப் போகச் சொல்றாங்க. அப்ப எனக்கு என்ன தெரியும்? இப்பதான் சொல்றதுக்கு ஏதோ இருக்கு" என்றார்.

140 பீட்டுக்கு ஒரு வழி கண்டோம். டிரம்ஸ் 140-லேயே ஓடட்டும், குரல் அதன் பாதி வேகத்தில், 70-இல் நடக்கட்டும். கேட்பவருக்கு வேகமும் கிடைக்கும், இவருக்கு நிதானமும் கிடைக்கும். அவருடைய குரல் இருபது வருடத்தில் நன்றாகக் கீழே இறங்கி கனத்திருக்கிறது. மைக்கை நெருக்கி வைத்து, அதே வரியை மறுபடி பாடி டபுள்ஸ் அடுக்காமல், ஒற்றைக் குரலாக விட்டேன். கச்சான் காற்று ஜன்னலை உலுக்கும் மாதம் என்பதால் இரவில்தான் பதிய முடிந்தது. கேட்டுவிட்டுக் கம்பெனிக்காரர்களும் இதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

பிரச்சினை தாளில் இருந்தது. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் வக்கீல் இல்லை. ஆனால் சென்னை ஸ்டுடியோக்களில் வேலை பார்த்த காலத்தில் பாடி முடித்த பாட்டு வெளியே வராமல் ஹார்ட் டிஸ்க்கில் கிடப்பதை நிறையப் பார்த்தவன். இளைஞனுக்கு அது ஒரு பாட்டு. வயதானவருக்கு அது மிச்சமிருக்கும் காலத்தில் ஒரு பகுதி. மூத்த ராப்பர்களின் மறுவருகையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் வயதைத்தான் பேசுகிறார்கள். அவர்களை உண்மையில் வீழ்த்துவது காத்திருப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். எப்போது வெளியிடுவது என்ற முடிவு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். கியூ-டிப் என்ற ராப்பர் 2001 வாக்கில் பாடி முடித்த ஒரு ஆல்பத்தை, விற்காது என்று கம்பெனி ஓரம் கட்டியது. அது வெளிவந்தது 2009-இல். 1989-இல் முதல் ஆல்பம் போட்ட டி லா சோல் ராப் குழுவின் ஆரம்பகாலப் பாடல்கள், சாம்பிள் (பிறர் பாட்டிலிருந்து எடுத்த துண்டு) அனுமதிச் சிக்கலிலும் கம்பெனியோடு இருந்த தகராறிலும் மாட்டி, 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்குக்கே வரவில்லை. அந்த நாளுக்குச் சில வாரம் முன்பு, பிப்ரவரியில், மூவரில் ஒருவரான ட்ருகாய் இறந்துபோனார். இதைக் காக்காவிடம் சொன்னபோது வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

கிளிப்ஸ் குழுவின் ராப்பர் சகோதரர்கள் புஷா டி, மாலிஸ் கதை வேறு மாதிரி. 2009-க்குப் பிறகு 2025-இல்தான் இருவரும் சேர்ந்து ஆல்பம் போட்டார்கள். அதில் ஒரு பாட்டில் ராப்பர் கென்ட்ரிக் லமார் பாடிய பகுதியை மாற்றச் சொல்லிக் கம்பெனி நெருக்கியது என்றும், அதனால் பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வேறு இடத்தில் வெளியிட்டோம் என்றும் அவர்கள் தரப்பே சொன்னது. அவர்களிடம் கொடுக்கப் பணம் இருந்தது. கீழக்கரையில் கடை வைத்திருப்பவர் எங்கே போவார்?

எல்லாப் பெரிய கம்பெனியும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. ராப்பர் எல்எல் கூல் ஜே 1985-இல் முதல் ஆல்பம் போட்ட அதே டெஃப் ஜாம் கம்பெனியில், 2024-இல் தன் 56 வயதில், கியூ-டிப்பின் இசையில் புது ஆல்பம் போட்டார். தன் வயதுக்கேற்ற பேச்சோடுதான் பாடியிருக்கிறார். மனசு வைத்தால் கம்பெனிகளால் முடியும்.

நம் நாட்டுச் சட்டம் இதில் கொஞ்சம் கைகொடுக்கிறது, நம் ஆட்களுக்கு அது தெரிவதே இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் இது செல்லாது. காக்காவின் தாளில் சரியாக அந்த வரி இருந்தது. இன்னொன்று, 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையைக் கம்பெனிக்கு முழுசாக எழுதிக்கொடுக்க முடியாது. ராப்பர் தன் வரியைத் தானே எழுதுகிறவர், ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் பாடலாசிரியரும்கூட. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் பதிந்துகொண்டால் அந்தப் பங்கு அவருக்கே வரும். இவர் பதியவே இல்லை. ராமநாதபுரத்திலேயே ஒரு வக்கீலைப் பார்த்து, ஒரு வருடத்துக்குள் வெளியிடாவிட்டால் மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவு, திரும்ப வர வேண்டும் என்று எழுதிக் கேட்டார். கம்பெனி பல தடவை மறுத்துவிட்டு, கடைசியில் பதினெட்டு மாதத்துக்குச் சம்மதித்தது.

ஒரே ஒரு இடத்தில்தான் ஒத்துப்போகவில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துப்போன விசைப்படகுகளைப் பற்றி, அங்கே கரையில் கிடந்து மட்கும் பலகையைப் பற்றி, நான்கு வரி எழுதியிருந்தார். பாட்டிலேயே நல்ல வரிகள் அவைதான் என்பது என் கருத்து. சர்ச்சை வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றது கம்பெனி. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் தினம் பேசுகிற பேச்சில் என்ன சர்ச்சை? காக்கா கோபப்படவில்லை. அந்த நான்கு வரியை எடுத்துக்கொண்டு, கம்பெனிப் பாட்டுக்கு வேறு நான்கு எழுதிக் கொடுத்தார்.

பிறகு அந்த நான்கை வைத்துத் தனியாக ஒரு பாட்டு முழுசாக எழுதிக்கொண்டு வந்தார். ஒப்பந்தம் ஒரு பாட்டுக்கு மட்டும்தான் என்பதை வக்கீல் உறுதி செய்த பிறகுதான் மைக்கைப் போட்டேன். இளம் பாடகர் இல்லை, 140 இல்லை, நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. மூச்சு ஒன்றைக்கூட வெட்டவில்லை. மிக்ஸிங் இன்னும் முடியவில்லை, பேஸில் கொஞ்சம் வேலை பாக்கி. தடைக்காலம் முடிந்து ஜூன் 15-இல் விசைப்படகுகள் கடலுக்குப் போகும், அந்த வாரத்தில் தன் பெயரிலேயே வெளியிட வேண்டும் என்கிறார். ஐபிஆர்எஸ் விண்ணப்பமும் போட்டாயிற்று.