டீக்கடை நோட்டில் மே மாதம்

எங்கள் கம்பெனி திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது. இரும்பு டிரம் செய்கிறோம். எனக்கு வேலை டைம் ஆபீஸில். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், ஓ.டி எவ்வளவு என்று பார்த்து மாசா மாசம் சம்பளக் கணக்கு போட வேண்டும். இந்த வேலையில் இருப்பவனுக்குக் கம்பெனியில் கல்யாணப் பத்திரிகை கடைசியாகத்தான் வரும்.

முன்பெல்லாம் மஸ்டர் ரோல்தான். எட்டு மணிக்கு மேல் வந்தால் சிவப்பு மை. ஏன் லேட் என்று கேட்டால் வடசென்னையில் ரெண்டே பதில்: "கேட்டு போட்டுட்டான் சார்", "கன்டெய்னர் லாரி நிக்குது சார்". ரெண்டையும் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போவதற்காக நின்றவர்களுக்கும், துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் வரிசையில் மாட்டியவர்களுக்கும் நான் சொல்வது புரியும். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததும், இனிமேல் ஒருத்தனும் சாக்கு சொல்ல முடியாது என்று முதலாளி சந்தோஷப்பட்டார். மெட்ரோவில் வந்தது ஆபீஸ் ஆட்கள்தான். லைனில் வேலை செய்கிறவர்கள் வழக்கம்போல சைக்கிளிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்து, வழக்கம்போல கேட்டு போட்டுட்டான் என்றார்கள்.

அப்புறம் கைரேகை மெஷின் வந்தது. தகடு தூக்கித் தூக்கி எங்கள் ஆட்களுக்கு விரலில் ரேகையே தேய்ந்து போயிருக்கும். மெஷின் என்ன செய்யும்? பாவம், "மறுபடி முயற்சிக்கவும்" என்று கத்திக்கொண்டே இருக்கும். விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைப்பார்கள், ஊதி வைப்பார்கள், வேட்டியில் துடைத்து வைப்பார்கள். வெல்டர் ஒருவருக்குப் பத்து விரலையும் வைத்துப் பார்த்ததில் இடது கை சுண்டு விரலை மட்டும்தான் மெஷின் ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து மனுஷன் அந்த விரலை வேலைக்கே பயன்படுத்துவதில்லை. துணி சுற்றி வைத்திருப்பார். "அடிபட்டா அரை நாள் சம்பளம் போயிடும் சார்" என்பார்.

அதையும் எடுத்துவிட்டு முகம் பார்க்கிற மெஷின் வைத்தார்கள். ஆடி மாசம் வந்தது. பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டு பாதிப் பேர் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்து நின்றார்கள். அந்த வாரம் கேட்டில் நடந்ததைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு ஆகிவிடும். விடுங்கள்.

கடைசியாக இந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் வந்தது மொபைல் ஆப். கம்பெனியைச் சுற்றி நூறு மீட்டருக்கு மேப்பில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் நின்று பட்டனை அழுத்தினால் பஞ்ச் விழும். வெளியே நின்றால் விழாது. மூன்று மாசம் இலவசம் என்று ஒரு தம்பி வெள்ளைச் சட்டையில் வந்து எல்லோர் போனிலும் ஏற்றிவிட்டுப் போனார். போனார் என்றா சொன்னேன்? போகவே இல்லை. தினமும் வந்தார். ஏனென்றால் ஆப் தினமும் நின்றது. எங்களுடையது தகரக் கூரை, சுற்றிலும் ஆளுயரத்துக்கு அடுக்கிய இரும்பு டிரம். சிக்னல் அதில் பட்டு எகிறி, லைனில் நிற்கிற ஆளைக் கொண்டுபோய் எங்கெங்கோ நிறுத்தும். ஒருவர் விம்கோ நகர் ஸ்டேஷனில் இருப்பார், ஒருவர் பட்டினத்தார் சமாதியில் இருப்பார்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற காசிமேட்டு அண்ணன் ஒருவர் வங்காள விரிகுடாவில் இருந்தார். கரையிலிருந்து நல்ல தூரத்தில், நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. மேனேஜர் ஆப் சொன்னதை நம்புகிற ஜாதி. வேலை நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டார். அண்ணன் என் மேஜையிலேயே உட்கார்ந்து, என் பேனாவையே வாங்கி, பதில் எழுதினார்: "ஐயா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எங்க மாமா விசைப்படகே கரையில கட்டிக் கிடக்குது. அதுக்கே போக அனுமதி இல்லாதப்போ ஃபோர்க்லிஃப்ட்டோட நான் எப்படிப் போவேன் என்பதை ஐயா அவர்கள் யோசிக்கவும்." அந்தக் கடிதம் இன்னும் ஃபைலில் இருக்கிறது. மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் படிப்பேன்.

ஆப்பில் இன்னொரு தொல்லை, சாப்பாட்டுக்குப் போகும்போது ஒரு பஞ்ச், திரும்பும்போது ஒரு பஞ்ச். இதற்குத்தான் நிஜமான எதிர்ப்பு கிளம்பியது. எங்கள் சீனியர் ஃபிட்டரின் தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் இருந்தவர். மில் சங்கு ஊதினால் ஊரே கடிகாரத்தைச் சரிசெய்த காலத்து ஆள். "1918-ல பெரம்பூர்ல செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, வாடியா எல்லாம் சேர்ந்து சங்கம் ஆரம்பிச்சாங்களே, அப்போ பெரிய பிரச்சினையே மத்தியானச் சோத்துக்கு நேரம் பத்தலங்கறதுதான். நூறு வருஷம் கழிச்சு நீ திரும்பவும் சோத்துத் தட்டுல கை வைக்கிற" என்றார். 'நீ' என்றது என்னையா ஆப்பையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. சாப்பாட்டு பஞ்ச் மறுநாளே ரத்து.

மே முடிந்தது. ஜூன் ஒன்றாம் தேதி கணக்கு எடுக்கலாம் என்று திறந்தால், ஏப்ரல் இருக்கிறது, ஜூன் இருக்கிறது, மே இல்லை. வெள்ளைச் சட்டைத் தம்பிக்குப் போன் செய்தால் ஸ்விட்ச் ஆஃப். அவர் ஆபீஸில் ஒரு பெண் ரொம்ப மரியாதையாகப் பேசி, சர்வர் மாற்றியபோது போய்விட்டது, அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்றார். ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பது சட்டம். மே மாசம் ஓ.டி வேறு எக்கச்சக்கம். ஓ.டிக்கு ரெட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டக் காலத்திலிருந்தே இருக்கிறது. அந்த ரெட்டையை எதை வைத்துக் கணக்கு போடுவது?

கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அக்காதான், "எங்கிட்ட நோட்டு கீதே தம்பி" என்றார்.

எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேருக்கு அங்கே கணக்கு. வேலைக்கு நுழையும்போது ஒரு டீ, பத்தரைக்கு ஒன்று, ஓ.டி என்றால் ஏழு மணிக்கு டீயோடு பஜ்ஜி. அக்கா தேதி போட்டு, வேளை போட்டு எழுதியிருந்தார். ஷிப்ட் வாரியாகப் பிரித்தது போலவே இருந்தது. ஒரே சிக்கல், அதில் பெயர் என்று எதுவும் இல்லை. 'சக்கர கம்மி', 'ஸ்டாங்கு', 'ஆட இல்லாம', 'ஆத்தாம', 'புது மாப்ள', 'பழைய மாப்ள' என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எம்ப்ளாயீ நம்பர் கேட்டு எழுதினேன். நடுவில் 'ஓட்டிவெட்டி' என்று ஒன்று வந்தது. "இது யாருக்கா?" என்றேன். அக்கா பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போய்விட்டார். பத்தரை மணிக்கு ஒரு டீ, இஞ்சி போட்டது, தினமும். கம்பெனியில் இஞ்சி டீ குடிப்பது நான் ஒருவன்தான். ஓ.டி வெட்டுகிறவன் என்பது மாதிரி. சரி, எழுதிக்கொண்டேன்.

நோட்டில் இல்லாதவர்கள் கூகுள் பே ஆட்கள். அவர்களிடம் இன்னும் சுத்தமான ஆதாரம் இருந்தது. "சார், பாருங்க, 7:52-க்கு அக்காவுக்கு பன்னண்டு ரூபா" என்று போனை நீட்டினார்கள். நிமிஷம் வரைக்கும் இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததிலேயே ஒழுங்கான அட்டெண்டன்ஸ் அதுதான். ஆனால் தள்ளிக்கொண்டே போகும்போது நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். பிரஸ் ஆபரேட்டர் தம்பி ஒருவர் பதினெட்டாம் தேதி ராத்திரி பத்து மணி வரை ஓ.டி பார்த்ததாகச் சொல்லி டீயைக் காட்டப்போனார். அதற்கு மேலேயே, மாலை 6:40-க்கு யாரோ ஒரு மாப்பிள்ளைக்கு 501 ரூபாய், குறிப்பில் 'மொய்'. இருவரும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தோம். "அது வேற பதினெட்டு சார்" என்றார்.

விஷயம் பரவியதும் டீக்கடையில் கூட்டம். லீவு போட்டவர்கள்கூட வந்து, "எக்கா, அன்னைக்கு நான் ஒரு டீ குடிச்சேனே, எழுத மறந்துட்டியா?" என்றார்கள். பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு நாள் சம்பளம் கிடைக்கிறதென்றால் யார் விடுவார்கள்? அக்கா அசரவில்லை. "எழுதறேன் நைனா, மொதல்ல போன வருஷத்துப் பாக்கி எண்ணூத்தி நாப்பதை வை" என்றார். கூட்டம் கலைந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெட்கப்பட்ட இரண்டு பேர் நிஜமாகவே பாக்கியைக் கட்டிவிட்டார்கள். அவர்களுக்கும் அக்கா டீ எழுதவில்லை.

நோட்டின்படி மேனேஜர் மே மாசம் முழுக்க ஆப்சென்ட். வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவருகிறவர். அவருக்கு மட்டும் முதலாளி வாய்மொழியாகச் சாட்சி சொன்னார்.

ஆறாம் தேதி சாயங்காலம் எல்லாம் முடிந்து ஷீட்டை டேலி செய்தபோது ஒரு பெயர் மட்டும் ஆள் இல்லாமல் நின்றது. ஒரு நாள் விடாமல், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, காலை டீ, மதியம் டீ, ராத்திரி பஜ்ஜி. கம்பெனியிலேயே ஃபுல் அட்டெண்டன்ஸ் அந்த ஒரு ஆள்தான். சட்டப்படி பார்த்தால் ஓ.டியே ஒரு சம்பளம் வரும். "'வெள்ள சட்ட' யாருக்கா?" என்றேன்.

"அதான் தம்பி, உங்க ஆப்பு ரிப்பேர் பண்ண வருவாரே. கம்பெனி கணக்குல எழுதிக்கச் சொன்னாரு. ஆயிரத்தி முந்நூத்தி இருவது."

'சாஃப்ட்வேர் பராமரிப்பு' என்று வவுச்சர் போட்டேன். முதலாளி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.