ஃபைனல் இயர் புராஜெக்ட்: கர்னல் பூட் ஆவதை வெளியிலிருந்து ரெக்கார்டு செய்வது எப்படி

ரிசல்ட் வந்துவிட்டது. புராஜெக்ட்டுக்கு ஓ கிரேடு. ரிவ்யூ எப்படி நடக்கும், ரிப்போர்ட் எப்படி எழுத வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் சீனியர்களே சொல்லியிருப்பார்கள். சொந்தமாக ஒரு சின்ன கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுதி, அதை நிஜ லேப்டாப்பில் ஓட்டிக் காட்டப் போகிறவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். இந்த விஷயத்தில் எங்கள் டீமுக்கு வழிகாட்ட ஆளே கிடைக்கவில்லை.

இரண்டாவது ரிவ்யூவில் பேனல் கேட்டது ஒன்றுதான்: பவர் பட்டனை அழுத்துவதில் தொடங்கி உங்கள் கர்னலின் பிராம்ப்ட் வரும்வரை வீடியோ வேண்டும், எமுலேட்டரில், அதாவது கம்ப்யூட்டர் போலவே நடிக்கும் சாஃப்ட்வேரில், எடுத்தது வேண்டாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்கிரீன் ரெக்கார்டர் எதுவாக இருந்தாலும் அது ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் ஓடுவது. நாம் காட்ட வேண்டியதோ அந்த ஆபரேட்டிங் சிஸ்டமே வராத நேரம். நம் கர்னலில் ரெக்கார்டரும் கிடையாது, ஃபைல் சிஸ்டமும் பாதிதான் இருக்கும். ஆகவே படம் லேப்டாப்பை விட்டு வெளியே வந்த பிறகுதான் பிடிக்க முடியும்.

மொபைல் கேமராவில் எடுத்தால் போதும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். எழுத்து மேல் அலை அலையாகக் கோடு விழும், டியூப்லைட் வெளிச்சம் ஸ்கிரீனில் அடிக்கும், புரொஜெக்டரில் போட்டால் ஒரு வரிகூடப் படிக்க வராது.

இன்னொரு லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐயில் சொருகிப் பிடிக்கலாமே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சாதாரண லேப்டாப்பில் அந்த போர்ட் படத்தை வெளியே அனுப்ப மட்டுமே. நடுவில் ஒரு யுஎஸ்பி கேப்சர் கார்டு வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பென்டிரைவ் அளவில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. கர்னல் ஓடும் லேப்டாப்பிலிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிள் கார்டுக்குள், கார்டு இரண்டாவது லேப்டாப்பின் யுஎஸ்பியில். அங்கே அது வெப்கேம் மாதிரியே தெரியும், தனியாக டிரைவர் தேவையில்லை. ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் வீடியோ கேப்சர் டிவைஸ் என்று சேர்த்தால் படம் வந்துவிடும்.

படம் வந்துவிட்டது என்று இங்கே நிறுத்திவிடாதீர்கள். எங்கள் கிரேடைத் தீர்மானித்தது இனி சொல்லப் போவதுதான்.

லேப்டாப் பூட் ஆகும்போது ஸ்கிரீன் மோடு பல தடவை மாறும். கம்பெனி லோகோ ஒரு ரெசல்யூஷன், கர்னலை ஏற்றிவிடும் கிரப் என்ற புரோகிராமின் மெனு இன்னொன்று, கர்னல் கேட்பது வேறொன்று. ஒவ்வொரு மாற்றத்திலும் சிக்னல் அறுந்து திரும்ப ஒட்டுகிறது. லேப்டாப்பின் சொந்த ஸ்கிரீனில் இது ஒரு சிமிட்டலாகத்தான் தெரியும். கேப்சர் கார்டோ புது சிக்னலைப் புரிந்துகொள்ள ஓரிரு வினாடி எடுத்துக்கொள்ளும். நம் கர்னலின் முதல் ஐம்பது வரிகள் அந்த ஓரிரு வினாடிக்குள் அச்சாகி முடிந்துவிடும். மெமரி மேப், பேஜிங், இன்டரப்ட் டேபிள் என்று எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேள்வி கேட்கிற பகுதி முழுக்க வீடியோவில் வெறும் கறுப்பு.

கார்டை மாற்றினால் இது தீராது. சிக்னலை மாறாமல் வைத்தால்தான் தீரும். கிரப் கமாண்ட் லைனில் 'வீடியோஇன்ஃபோ' என்று அடித்தால் அந்த மெஷின் தரும் மோடுகளின் பட்டியல் வரும். கார்டைச் சொருகிய நிலையிலேயே இதைப் பாருங்கள். எதிர்முனையில் இருக்கும் கருவி தன்னால் எதையெல்லாம் வாங்க முடியும் என்று சொல்வதைப் பொறுத்துப் பட்டியல் மாறக்கூடும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'ஜிஎஃப்எக்ஸ்மோடு' என்பதில் கொடுங்கள். 'ஜிஎஃப்எக்ஸ்பேலோட்' என்பதற்கு 'கீப்' என்று கொடுங்கள். மல்டிபூட் ஹெடரில் (கர்னல் தன் தேவைகளை கிரப்புக்குச் சொல்லும் பகுதி) ஃப்ரேம்பஃபர் (ஸ்கிரீனின் பிக்சல்கள் இருக்கும் மெமரி) அளவு கேட்டிருந்தால் அங்கேயும் அதே எண்களைப் போடுங்கள். இப்போது கிரப்பிலிருந்து கர்னலுக்குப் போகும்போது மோடு மாறாது, படமும் அறுபடாது. கிரப் மெனுவுக்குப் பத்து வினாடி டைம்அவுட் வைத்தால், லோகோவிலிருந்து மெனு வரும் மாற்றமும் அதற்குள் அடங்கிவிடும்.

கிரப் இல்லாமல், லேப்டாப்பின் ஃபர்ம்வேரான யுஇஎஃப்ஐ நேரடியாக ஓட்டும் செயலியாக எழுதுகிறவர்கள் மோடை முன்பே அமைத்துவிட வேண்டும். ஃபர்ம்வேரின் உதவியை முடித்துக்கொள்ளும் எக்ஸிட் பூட் சர்வீசஸ் அழைத்த பிறகு மோடை மாற்றும் வசதி போய்விடும், கிடைத்த ஃப்ரேம்பஃபருடன்தான் கடைசிவரை ஓட்ட வேண்டும். மோடு போட்டதும் இரண்டு மூன்று வினாடி சும்மா காத்திருந்துவிட்டு முதல் வரியை அச்சிடுங்கள்.

பழைய பயாஸ் டெக்ஸ்ட் மோடில் எழுதியவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அது 720×400, 70 ஹெர்ட்ஸ். மலிவு கார்டுகள் பலவற்றில் இதற்கு 'நோ சிக்னல்'தான். ஃப்ரேம்பஃபருக்கு இப்போதே மாறிவிடுங்கள், மூன்றாவது ரிவ்யூ வரை தள்ளாதீர்கள்.

ரெக்கார்டிங்கை வெறும் சாட்சி வீடியோவாக மட்டும் நினைக்க வேண்டாம். எமுலேட்டரில் சீரியல் போர்ட் வழியாக லாக் முழுக்க வெளியே வந்துவிடும். இன்றைய லேப்டாப்புகளில் சீரியல் போர்ட்டே இல்லை. ட்ரிபிள் ஃபால்ட் (பிழையைக் கையாளப் போன இடத்திலும் அடுத்தடுத்துப் பிழை) ஆனால் மெஷின் உடனே ரீசெட் ஆகி லோகோவுக்குத் திரும்பிவிடும், கடைசி வரி என்ன என்பது கண்ணுக்குச் சிக்காது. ரெக்கார்டிங் இருந்தால் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பின்னால் நகர்த்தி அந்த வரியை நிறுத்திப் படிக்கலாம். எமுலேட்டரில் ஒழுங்காக ஓடி நிஜ மெஷினில் மட்டும் செத்துக்கொண்டிருந்த எங்கள் பேஜ் டேபிள் பிழை இப்படித்தான் பிடிபட்டது. வைவாவில் எக்ஸ்டர்னல் அதிக நேரம் நின்றதும் இந்த இடத்தில்தான்.

"இது எமுலேட்டர்ல ஓடுனதாப்பா?"

"இல்ல மேம், நிஜ மெஷின். லோகோவுல இருந்தே இருக்கு."

ரீசெட் ஆகும் அந்தப் பழைய வீடியோவையும் போட்டுக் காட்டினோம். நிறுத்தச் சொன்னார், கடைசி வரியைப் படித்தார், அங்கிருந்தே கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் ஸ்கிரீனிலேயே இருந்தது. பேச்சுத் திறமையை நம்பி வைவாவுக்குப் போகிற ஆள் இல்லை நான். கையில் சாட்சி இருந்தால்தான் எனக்கு வாய் திறக்கும். அதனால் லைவ் டெமோவை விட ரெக்கார்டிங்குக்கே முதலிடம் கொடுங்கள் என்பேன். ஹாலில் இருக்கும் புரொஜெக்டர் உங்கள் கர்னலின் மோடை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அப்புறம், ஓபிஎஸ் பக்கம் கவனிக்க வேண்டியவை:

- வீடியோ ஃபார்மட்டை எம்ஜேபெக் (ஒவ்வொரு ஃப்ரேமையும் சுருக்கி அனுப்புவது) என்று கையால் மாற்றுங்கள். 1080பி-யில், சுருக்காமல் அனுப்பும் ஒய்யுஒய்2 ஃபார்மட்டில் ஃப்ரேம் ஒன்று ஏறக்குறைய 4 எம்பி. வினாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 124 எம்பி. யுஎஸ்பி 2.0 தருவது 480 மெகாபிட், அதாவது கணக்களவில் 60 எம்பிதான். அதனால்தான் படம் வினாடிக்கு ஐந்து ஃப்ரேமாகத் தத்தித் தத்தி வருகிறது.
- பிளக் நீல நிறத்தில் இருப்பதால் மட்டும் அது யுஎஸ்பி 3 ஆகிவிடாது. லினக்ஸில் யுஎஸ்பி பட்டியலைப் பார்த்து 480எம் என்று இருந்தால் அது 2.0.
- ஃபைல் எம்கேவி. நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை எடுத்தது பிழைக்கும். எம்பி4 ஆக ஓபிஎஸ்ஸிலேயே பிறகு மாற்றிக்கொள்ளலாம்.
- கறுப்பில் சிவப்பு, நீல எழுத்து வேண்டாம். இந்தக் கார்டுகள் நிற விவரத்தைக் குறைத்து அனுப்புவதால் சின்ன எழுத்து கசங்கிவிடும். கர்னல் செத்துப்போகும்போது வரும் பேனிக் மெசேஜும் வெள்ளையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு பிக்சலையும் இரண்டுக்கு இரண்டாக வரைந்து எழுத்தைப் பெரிதாக்குங்கள்.
- ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டிங்கைத் தொடங்கிய பிறகே மற்ற லேப்டாப்பின் பவரை அழுத்துங்கள்.

லேப்டாப் தேர்வும் முக்கியம். பூட் நேரத்தில் ஹெச்டிஎம்ஐயில் படம் வருமா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். சிலவற்றில் விண்டோஸ் வந்த பிறகுதான் வெளி ஸ்கிரீன் எழும். ஃபாஸ்ட் பூட்டை அணைத்துப் பாருங்கள், அப்போதும் லோகோ கார்டில் தெரியவில்லை என்றால் அந்த மாடலோடு மல்லுக்கட்டாமல் வேறு லேப்டாப் தேடுங்கள். டைப்-சி வழியாகப் படம் எடுப்பதை எங்களால் சோதிக்க முடியவில்லை, சாதாரண ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கும் மெஷினே நல்லது.

டிஜிட்டல் கையெழுத்து இல்லாத கர்னல் ஓட செக்யூர் பூட்டையும் அணைக்க வேண்டியிருக்கும். நண்பரின் லேப்டாப் என்றால், அதைத் தொடுவதற்கு முன்னால் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீயை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். செட்டிங் மாறியதும் விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கலாம், அது கையில் இல்லையென்றால் அவருடைய ரிப்போர்ட்டும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.