கிளட்ச் இல்லாத லாரியும் சங்ககிரி ஓட்டுநர்களும்

பெங்களூருக்குச் சரக்கு ஏற்றி வரும் தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்களிடம், கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியை ஓட்டச் சம்மதமா என்று கேட்டால், சிலர் யோசிக்காமல் வேண்டாம் என்பார்கள். மற்றவர்கள், சம்பளம் எப்படி, டீசல் கணக்கு எப்படி என்று திருப்பிக் கேட்பார்கள். யஷ்வந்த்பூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கெழுதும் எனக்கு, அந்தத் திருப்பிக் கேட்கும் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் இருப்பதாகத் தோன்றுகிறது. கைக்கும் காலுக்கும் எது சுகம் என்பதை வைத்து மட்டும் ஓட்டுநர் கியரைத் தேர்ந்தெடுப்பதில்லை. வண்டிக்கு ஏற்படும் நஷ்டம் யார் தலையில் விழும், மிச்சமாகும் டீசல் யார் பைக்குப் போகும் என்பதையும் சேர்த்தே அவர் பார்க்கிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். லாரிகளில் இன்று ஆட்டோமேட்டிக் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை ஏ.எம்.டி. வகையைச் சேர்ந்தவை. அதாவது, உள்ளே இருப்பது வழக்கமான பல்சக்கர கியர் பெட்டிதான். கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் அப்படியே இருக்கின்றன. ஓட்டுநரின் இடது காலும் இடது கையும் செய்த வேலையை, கணினி சொல்லக் கேட்டு, காற்றழுத்தத்தில் இயங்கும் கருவிகள் செய்கின்றன. வால்வோ 2001இல் இவ்வகைக் கியரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் இன்று விற்கும் நெடுந்தூர லாரிகளில் மிகப் பெரும்பாலானவை இவைதான். இன்னொரு வகை, டார்க் கன்வெர்ட்டர் என்ற எண்ணெய் இணைப்பு கொண்ட முழு ஆட்டோமேட்டிக். அதில் மேனுவல் வண்டியில் இருப்பது போன்ற, தேயும் கிளட்ச் பிளேட் கிடையாது, ஆனால் விலை அதிகம் என்பதால் நகரப் பேருந்துகளிலும் தீயணைப்பு வண்டிகளிலும் கனமான டிப்பர்களிலும்தான் அதிகம் காணலாம்.

பெங்களூர் இந்த இரண்டாம் வகையை லாரிக்கு முன்பே பேருந்தில் பார்த்துவிட்டது. நகரப் பேருந்துக் கழகமான பி.எம்.டி.சி. 2006 வாக்கில் ஓட விட்ட சிவப்பு நிற வால்வோ வண்டிகளில் கிளட்ச் மிதி இல்லை. ஓட்டுநர்கள் அதை விரும்பியே ஏற்றுக்கொண்டார்கள் என்பதை, நம் லாரி ஆபீசுகளுக்கு வந்து போகும் அவர்களின் உறவினர்கள் வழியாகவே கேட்டிருக்கிறேன். சில்க் போர்டு சந்திப்பை மாலை வேளையில் கடக்கும் கனரக வண்டியில் கிளட்சை எத்தனை முறை மிதிக்க வேண்டும் என்று கணக்கிடவே முடியாது. இடது முழங்காலில் வலி இல்லாத நகரப் பேருந்து ஓட்டுநரைப் பார்ப்பது அரிது. ஆனால் அவர்களுக்கு மாதச் சம்பளம். கிளட்ச் தேய்ந்தால் டிப்போ பார்த்துக்கொள்ளும். சங்ககிரியிலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ வரும் லாரி ஓட்டுநரின் நிலை அதுவல்ல.

லாரித் தொழிலில் டீசலுக்கு ஒரு கணக்கு உண்டு. லோடு ஏற்றிப் போகும்போது லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர், காலியாகத் திரும்பும்போது இத்தனை என்று முதலாளி ஓர் அளவு வைப்பார். அந்த அளவுக்கு மேல் மிச்சப்படுத்தினால் அந்தப் பணம் ஓட்டுநருக்கு. குறைந்தால் பல இடங்களில் படியில் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே எந்த இடத்தில் எந்த கியரைப் போட்டால் எவ்வளவு டீசல் மிச்சம் என்பதை ஒரு நல்ல ஓட்டுநர் தன் சொந்தக் காசு என்ற கவனத்துடன் கற்று வைத்திருக்கிறார். கியர் மாற்றுவதை இயந்திரத்திடம் விட்டுவிடு என்று அவரிடம் சொல்வது, வருமானத்தின் ஒரு பகுதியை அதன் விருப்பத்துக்கு விட்டுவிடு என்று சொல்வதாகவே அவர் காதில் விழும். புதிதாக வண்டி எடுத்த பையன் ஓட்டினாலும் மைலேஜ் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும் என்பதுதான் ஏ.எம்.டி. வண்டியைப் பற்றி முதலாளிகள் சொல்லும் முதல் பெருமை. திறமையான ஓட்டுநர் அதைப் பெருமையாகக் கேட்க வேண்டிய அவசியம் என்ன?

இந்த டீசல் கணக்கிலிருந்துதான் நியூட்ரல் பழக்கமும் பிறந்தது. பெங்களூரிலிருந்து சேலம் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தருமபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய் இறக்கம் வரும். அங்கே நடந்த விபத்துகளைப் பற்றி நம் நாளிதழ்களில் படிக்காதவர் இருக்க மாட்டார்கள். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு வண்டியை உருள விட்டால், எஞ்சின் பிடிமானம் போய்விடுகிறது. புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது, ஏனெனில் அது சக்கரத்தோடு எஞ்சின் இணைந்திருந்தால்தான் பயன்படும். முழுச் சுமையையும் பிரேக் டிரம்கள் தாங்க, அவை சூடேறிப் பிடிப்பை இழக்கின்றன. மிதித்து மிதித்து விடுவதில் பிரேக்கை இயக்கும் காற்றழுத்தமும் இறங்குகிறது. எந்த கியரில் ஏறுமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் கிளீனர் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இதற்காகத்தான்.

இவ்வளவு ஆபத்தை விலையாகக் கொடுத்தும் அந்த இறக்கத்தில் நியூட்ரலில் மிச்சமாவது ஒன்றுமில்லை. கியரில் இருக்கும் வண்டியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய எஞ்சின்களில் டீசல் போவது முற்றிலும் நின்றுவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் எரிய வேண்டும். ஆனால் செங்குத்தாக இல்லாத மெல்லிய சரிவில் கதை வேறு. அங்கே கியரில் இருந்தால் வண்டியின் வேகம் குறைந்துவிடும், நியூட்ரலில் வெகுதூரம் உருளும். ஆகவே அங்கே உண்மையிலேயே டீசல் மிச்சம். ஐரோப்பிய ஏ.எம்.டி. லாரிகளில் வால்வோவும் பென்ஸும் இதையே ஒரு வசதியாகக் கொடுக்கின்றன: மெல்லிய சரிவு வந்தால் இயந்திரம் தானாகவே கியரை விலக்கி உருள விடும், வேகம் வரம்பைத் தாண்டினால் உடனே மீண்டும் கியரைப் போட்டுவிடும். நம் ஓட்டுநர் பல காலமாகச் செய்து திட்டு வாங்கிய வேலைதான். எங்கே செய்யலாம், எங்கே கூடாது என்ற எல்லையை இயந்திரம் மீறுவதில்லை என்பது ஒன்றே வித்தியாசம். என்னைக் கேட்டால், தொப்பூர் இறக்கத்துக்கும் சக்லேஷ்பூருக்குக் கீழே உள்ள சிராடி மலைப்பாதைக்கும் கீழ் கியரைத் தானே பிடித்துக்கொள்ளும் வண்டிதான் நல்லது. மற்றக் குறைகளையெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

குறைகளும் உண்மையானவைதான். எங்கள் ஆபீசுக்கு வரும் சங்ககிரிக்காரர் ஒருவர், பழைய லேலண்டு வண்டிகளில் டபுள் கிளட்ச் அடித்து, அதாவது ஒரு கியர் மாற்ற இருமுறை கிளட்சை மிதித்துப் பழகியவர், கொஞ்ச காலம் ஒரு ஏ.எம்.டி. வண்டியை ஓட்டிவிட்டு இறங்கிக்கொண்டார். காரணம் கேட்டேன். “ஒருத்தனை ஓவர்டேக் எடுக்கறப்ப, பாதியில அது கியரை மாத்துதுங்க தம்பி. அந்த ஒரு செகண்டு இழுவை செத்துப் போயிருது. எதிர்க்க பஸ்காரன் வந்துட்டிருப்பான். எப்ப மாத்துமோன்னு நான் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கோணுமுங்களா?” என்றார். கையால் கியரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அந்த வண்டியில் இருக்குமே அண்ணா என்றேன். “அதை நான் போடறதுன்னா, கிளட்சையும் எனக்கே குடுத்துருங்க” என்று சொல்லிவிட்டு பில்டியில், அதாவது சரக்கு ரசீதில், கையெழுத்துப் போடப் போய்விட்டார்.

அவர் சொன்னதை முரட்டுப் பிடிவாதம் என்று நான் ஒதுக்க மாட்டேன். பீன்யா தொழிற்பேட்டையின் உள் சந்துகளில் ஒரு பன்னிரண்டு சக்கர வண்டியைப் பின்னோக்கி எடுத்து, கோடவுன் மேடையோடு சேர்ப்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு விஷயம் புரியும். கிளீனர் பின்னால் நின்று தகரத்தைத் தட்டி “வரட்டும், வரட்டும்” என்று கத்த, ஓட்டுநர் கிளட்சைப் பாதி விட்டும் பாதி பிடித்தும் வண்டியை விரற்கடை விரற்கடையாக நகர்த்துவார். மேடைக்கும் வண்டிக்கும் இடையே ஒரு கை அகலம் மீதி இருக்கும்போது காலின் அடிப்பகுதியில் அவர் உணரும் அந்த நடுக்கம்தான் அவருக்கு அளவுகோல். ஏ.எம்.டி. வண்டியில் அந்த உணர்வு கிடையாது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் சற்றுத் தாமதித்து, பிறகு ஒரு சிறு உந்தலோடு நகரும். புதிய வண்டிகளில் மெதுவாக நகர்வதற்கென்று தனி வசதி உண்டு, பழகவும் பழகிவிடலாம். ஆனால் பழகுவதற்குள் இரண்டு மேடைகளை இடித்துவிட்டால் அந்தச் செலவு யாருடையது என்ற பழைய கேள்வி மீண்டும் வந்து நிற்கும்.

கிளட்ச் செலவும் அப்படித்தான். மிதி இல்லாததால் கிளட்சே இல்லை என்று நினைத்துக்கொள்ளும் இளம் ஓட்டுநர்கள், ஏற்றத்தில் நெரிசல் வந்தால் பிரேக்கைப் பிடிக்காமல், ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியபடியே வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைப்பார்கள். உள்ளே பிளேட் அரைபட்டுச் சூடேறிக்கொண்டிருக்கும். கருகிய வாடை வந்த பிறகோ, டேஷ்போர்டில் எச்சரிக்கை எரிந்த பிறகோதான் தெரியும். மேனுவல் வண்டியில் ஹாஃப் கிளட்சில் கால் வைத்து ஓட்டாதே என்று குரு சொல்லிக் கொடுப்பார். ஏ.எம்.டி. வண்டியைக் கொடுக்கும் முதலாளிகளில் பலர், அதுதான் ஆட்டோமேட்டிக் ஆயிற்றே என்று ஒன்றும் சொல்லிக் கொடுக்காமலே சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு பிளேட் போனால் ஓட்டுநரைக் குறை சொல்வது நியாயமாகாது.

வழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்பது ஓட்டுநர்கள் அடுத்துச் சொல்லும் காரணம். மேனுவல் வண்டிக்குக் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் தும்கூர் ரோட்டிலும் பட்டறைகள் நிறைய. கியர் பெட்டியை இறக்கி, ரிலீஸ் பேரிங் மாற்றி ஏற்றிவிடுவார்கள். பேட்டரி இறங்கினால் இன்னொரு லாரியால் இழுத்துக் கிளப்பலாம். ஏ.எம்.டி. வண்டியைக் கிளப்ப அந்த வழி இல்லை. காற்றழுத்தம் இறங்கிவிட்டால் கியரே விழாது. சென்சாரில் கோளாறு என்றால் கம்பெனி ஆள் லேப்டாப்போடு வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாளுக்குப் படி யார் கொடுப்பார்கள்? ஆனாலும் இந்தக் காரணம் வலுவிழந்து வருவதாக நினைக்கிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின், மேனுவல் வண்டியின் எஞ்சினுக்கும் புகை சுத்திகரிப்புக்கும் அதே லேப்டாப்தான் வர வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில், ஆட்டோமேட்டிக் லாரியை ஓட்டிக் காட்டித் தேர்வில் தேறியவரின் உரிமத்தில், மேனுவல் வண்டி ஓட்டக்கூடாது என்று ஒரு குறியீடு இடுகிறார்கள். இங்கே அப்படியொரு பிரிவு வந்தால், தொழிலுக்கு வரும் பையன்கள் எந்த வண்டியில் கற்பது என்று முதல் நாளே முடிவெடுக்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு அவர்கள் தொழிலுக்கு வந்தாலே போதும் என்ற நிலை. ஓட்டுநர் மகன் ஓட்டுநராக வருவது கொங்குப் பகுதியில் குறைந்துகொண்டே வருகிறது. புதிய கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் 2025இல் கட்டாயமானதும், முதலாளிகள் ஏ.எம்.டி. பக்கம் திரும்புவதும் ஆள் பிடிக்கும் கவலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. மாதச் சம்பளத்துக்கு வரும் இளைஞர்கள், நான் பார்த்த வரையில், ஒருமுறை ஏ.எம்.டி. ஓட்டினால் மேனுவலுக்குத் திரும்ப விரும்புவதில்லை. டீசல் மிச்சத்தை நம்பிக் குடும்பம் நடத்துபவர்களும், சொந்த வண்டியைத் தாமே ஓட்டுபவர்களும்தான் கியர் ராடை விட மறுக்கிறார்கள்.

இந்தச் சொந்த வண்டிக்காரர்களின் சொல்லுக்குச் சந்தையில் ஒரு தனி எடை இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்கும் லாரிகளை வாங்குபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். பழைய ஏ.எம்.டி. வண்டி என்றால், உள்ளே என்ன செலவு காத்திருக்கிறதோ என்று விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள், அல்லது வேறு வண்டியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். எங்கள் ஆபீசுக்கு வண்டி ஓட்டும் ஒரு முதலாளி, ஓட்டுநர்கள் ஏ.எம்.டி. கேட்டும்கூட அடுத்த வண்டிகளையும் மேனுவலாகவே பதிவு செய்திருக்கிறார்; விற்கும் நாளில் வாங்க வருகிறவன் நாமக்கல்காரனாகத்தான் இருப்பான் என்பது அவர் கணக்கு.