இலையின் அடிப்பக்கம்

வீட்டுக்குள் அழகுக்காக வளர்க்கும் ரப்பர் செடியின் இலைகளுக்கு எண்ணெய் பூசிப் பளபளக்க வைத்த காலம் ஒன்று எனக்கும் இருந்தது. பஞ்சில் இரண்டு சொட்டு தொட்டுத் துடைத்ததும், அவை புதிதாக வார்னிஷ் அடித்த மேசையைப் போல மின்னின. வீட்டுக்கு வந்தவர்களும் மெச்சினார்கள். ஒரு வாரம் போவதற்குள் அந்தப் பசையின் மேல் தூசி அப்பிக்கொண்டு, முன்பு ஈரத்துணி பட்டாலே போய்விடும் அழுக்கைச் சோப்பு நீர் வைத்து இரண்டு மூன்று முறை தேய்க்க வேண்டியதாயிற்று. பாலில் துடைப்பதும் இதே கதைதான். காய்ந்த படலம் மிஞ்சும், சில நாட்களில் வாடையும் வரும்.

தூசி படிந்தால் இலையால் மூச்சுவிட முடியாது என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. ரப்பர் செடியில் காற்று போய்வரும் இலைத்துளைகள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. வேறு பல வீட்டுச் செடிகளிலும் பெரும்பாலானவை அங்கேயே அமைந்துள்ளன. மேற்பரப்பில் படியும் தூசி முதலில் கெடுப்பது வெளிச்சத்தை. வெளியில் நிற்கும் செடியை மழை கழுவிவிடும். ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளி நிற்கும் செடிக்கோ கிடைப்பதே சொற்ப வெளிச்சம், அதிலும் ஒரு பங்கைத் தூசி தடுத்துவிட்டால் புதுத் தளிர் விடுவது தாமதமாகத்தான் செய்யும்.

நான் இப்போது செய்வது எளிமையானது. மென்மையான பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, இலைக்கு அடியில் ஒரு கையை ஏந்திக்கொண்டு, காம்பிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் துடைக்கிறேன். கையை ஏந்தாமல் துடைத்தால் அகன்ற இலை நடுநரம்பில் மடிந்துவிடும். அந்த மடிப்புத் தழும்பு பிறகு மறைவதில்லை. இன்னும் விரிந்து முடியாத தளிரைத் தொடுவதே இல்லை.

உண்மையில் நான் துணியை எடுப்பது அடிப்பக்கத்தைப் பார்ப்பதற்காகத்தான். இலையைத் திருப்பி நடுநரம்பை ஒட்டிய இடத்தைக் கவனித்தால், வெள்ளைப் பஞ்சுத் துணுக்கு போல மாவுப்பூச்சி ஒட்டியிருக்கலாம். பழுப்பு மரு போல இருந்து நகம் பட்டதும் பெயர்ந்து வந்தால் அது செதில் பூச்சி. கீழிருக்கும் இலை காரணமில்லாமல் பிசுபிசுத்தால், மேலே இவற்றில் ஒன்று சாறு உறிஞ்சி இனிப்பு நீரைக் கழித்துக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதை அப்படியே விட்டுவைத்தால் அதன்மேல் கரும்பூசணம் படரும். சிலந்திப்பேன் இன்னும் நுண்ணியது, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டும்போது, விழுந்த தூசியில் சில புள்ளிகள் மெல்ல நகர ஆரம்பித்தால் அது தூசி அன்று. சூடும் வறட்சியும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரே வாரத்தில் அவை முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும் என்பதால், ஒரு முறை துடைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. சில நாட்களுக்கு ஒரு முறை வீதம் மூன்று நான்கு தடவையாவது அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். பூச்சி கண்ட செடியைத் துடைத்த துணியால் அடுத்த செடியைத் தொடக்கூடாது. இதை நான் கற்றுக்கொண்டதற்கு ஒரு மணிபிளான்ட் விலை கொடுத்தது.

துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டுகள் பெரும்பாலும் உப்பு நீரின் கறை. தெளித்த நீர் ஆவியானதும் சுண்ணாம்பு மட்டும் தங்கிவிடுகிறது. நிறைய நீரில் சிறிது வினிகர் கலந்து துடைத்து, உடனே நல்ல நீரால் கழுவினால் போய்விடும். அழகுக்காக ஸ்பிரே அடிப்பதை நிறுத்தினால் இந்த வேலையே வராது.

எல்லா இலைக்கும் துணி ஆகாது. ஆப்பிரிக்கன் வயலட்டின் ரோம இலைகளில் ஈரத்துணி அழுக்கைக் குழைத்து அப்பிவிடும், குளிர்ந்த நீர் பட்டாலோ வெளிறிய வளையங்கள் விழும். அதற்கு உலர்ந்த மெல்லிய தூரிகைதான் சரி. சதைப்பற்றான இலைகள் கொண்ட எச்செவேரியாவின் மேல் இருக்கும் சாம்பல் பூச்சும் தூசி அன்று. கடும் வெயிலிலிருந்து காத்துக்கொள்ள அந்தச் செடியே சுரக்கும் மெழுகுப்பொடி. அது தெரியாத நாளில் ஓர் இலையைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டேன். அந்த இலை வாடி உதிரும் வரை, சாம்பல் நிறத்தின் நடுவே என் விரல் அளவுக்குப் பச்சையாகவே இருந்தது.