11 வயதுக்கு முன் தரவரிசை இல்லை

நார்வேயில் சிறுவர் விளையாட்டுக்கென்றே தனி விதிகள் உள்ளன. அவற்றின்படி 11 வயதுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது. 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன் பட்டப் போட்டிகளில் பங்கேற்கவும் இயலாது. ஏறத்தாழ 55 லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்த நாடு, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கப் பதக்கங்களுடன் முதலிடம் பிடித்தது. (அங்கே பனிக்குப் பஞ்சமில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்தான்.)

என்னை அதைவிட ஈர்த்தது நார்வேயின் தடை ஓட்ட வீரர் கார்ஸ்டன் வார்ஹோமின் வளர்ச்சி. 2021இல் டோக்கியோவில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 45.94 வினாடிகளில் முடித்து உலக சாதனை படைத்த அவர், 17 வயதில் உலக இளையோர் தடகளப் போட்டியில் வென்ற தங்கம் தடை ஓட்டத்துக்கானதே அல்ல. ஓட்டம், தாண்டுதல், எறிதல் என எட்டுப் போட்டிகள் கலந்த ஆக்டத்லானுக்கானது. குண்டு எறிந்தும் உயரம் தாண்டியும் பழகிய உடல், ஒரே போட்டிக்குத் தாமதமாகத்தான் ஒப்படைக்கப்பட்டது.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இனி நூறு மீட்டர் மட்டும் போதும் என்ற பயிற்றுநரிடம், இன்னும் சில ஆண்டுகள் அவள் நீந்தட்டும், கபடியும் ஆடட்டும் என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு அதில் அவ்வளவாக மகிழ்ச்சியில்லை.